வானவர் கீதத்தின் முதல் சுரம்

ஜெசிந்தாவின் அப்பா இறந்ததில் எனக்கு உண்மையாகவே வருத்தம்தான். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே போகும்போது என் தோளைத் தட்டி, இன்றைக்கு நன்றாக இருந்தது செலஸ்டின் என்று சொல்லாமல் போகமாட்டார். ஆனாலும் அவர் இன்னும் ஒரு பத்து வருஷம் இருந்திருக்கலாமே என்று நான் நினைப்பதற்கு அந்த நல்ல குணம் மட்டும் காரணமில்லை. அவருடைய அடக்கப் பூசையில்தான் அவர் மகள் முதன்முதலாக எங்கள் கோவிலில் பையில் காற்றடைத்து ஊதுகிற பேக்பைப் வாசித்தாள்.

எங்கள் கோவில் சிங்கப்பூரில் ஜாலான் புசாரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே தமிழ்ப் பூசைக்கு இருபத்தோரு வருஷமாக நான்தான் கீபோர்டு. வார நாட்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. ஞாயிறு விடிந்தால் சுவா சூ காங்கிலிருந்து நானும் என் மனைவி பிலோமினாவும் ரயிலேறி வந்துவிடுவோம். பிலோ பாடகற்குழுவில் பாடுகிறாள். இந்த இருபத்தோரு வருஷத்தில் இரண்டே ஞாயிறுதான் நான் வரவில்லை. ஒன்று டெங்கி, இன்னொன்று பிலோவின் தங்கை கல்யாணம். அந்த இரண்டு ஞாயிறும் பாட்டு சொதப்பியது என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். இதை ஒளிப்பானேன்.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதிருக்கும். பள்ளியில் பைப் பேண்டில் சேர்ந்தவள், பிறகு சீருடைப் பணியிலும் அதே வாத்தியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பதினெட்டு வருஷம் அணிவகுத்தவள். ஓய்வு வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ள எங்கள் கோவில் வட்டாரத்துக்கே குடி வந்திருந்தாள். அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வாசலுக்குத் திரும்பிய நேரம், பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நான் இறுதிப் பாடலுக்கு விரல் வைத்துத் தயாராக இருந்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னதாகப் பூசை வைத்த ஃபாதர் ரொசாரியோ பிறகு சொன்னார், எனக்கு நினைவில்லை.

கோவில் முழுக்க அழுதது. பிலோவும் அழுதாள். தன் சொந்த அப்பாவின் அடக்கப் பூசையில், நான் அத்தனை உருகி வாசித்தபோது, கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளாதவள் பிலோ. அன்றைக்கு ரயிலில் சீட் கிடைத்து உட்கார்ந்த பிறகும் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அது காற்றடைத்த பைதானே என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிப்ரவரியில் மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றும்போது பைப். குருத்து ஞாயிறு ஊர்வலத்தில் பைப். குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு கோவிலைச் சுற்றி நாங்கள் நடக்க, முன்னால் ஜெசிந்தா நிமிர்ந்த முதுகோடு வாசித்துக்கொண்டு போனாள். எதிர்ச்சாரியில் இருந்த சின்ன ஹோட்டல்களிலிருந்து வெள்ளைக்காரர்கள் இறங்கி வந்து வீடியோ எடுத்தார்கள். இரும்புக் கடைச் சீனர்கூட வாசலுக்கு வந்து நின்றார். இருபத்தோரு வருஷத்தில் என்னை வீடியோ எடுத்தவர் ஒருவர்தான், அதுவும் அவர் தன் பேத்தி முதல் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதை எடுக்கும்போது நான் ஓரத்தில் விழுந்துவிட்டேன்.

எனக்கென்று ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய வியாழன் பூசையில், உன்னதங்களிலே என்று தொடங்குகிற வானவர் கீதம் பாடி முடித்ததும் எங்கள் கோவிலில் மணிகள் ஓய்ந்துவிடும், வாத்தியமும் ஓய்ந்துவிடும். கீபோர்டின் பிளக்கைப் பிடுங்கி, மேலே துணி போர்த்திவிடுவேன். பெரிய வெள்ளியன்று வெறும் குரல்தான், மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பிறகு சனிக்கிழமை இரவு, ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா திருவிழிப்பு. விளக்கெல்லாம் அணைந்த கோவிலில், ஆளுக்கொரு அணைத்த மெழுகுதிரியோடு ஜனங்கள் வாசகங்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் ஃபாதர் வானவர் கீதத்தின் முதல் வரியைப் பாடுவார். விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும், மணிகள் அடிக்கும், அந்த இரண்டு நாள் மௌனத்தை உடைத்துக்கொண்டு முதல் சுரம் எழும். அந்த முதல் சுரம் என்னுடையது. அதை வாசிக்கும்போது என் கை நடுங்கும். ஒவ்வொரு வருஷமும் நடுங்கும். சம்பள உயர்வுக்கும் நடுங்கியதில்லை, கல்யாணத்துக்கும் நடுங்கியதில்லை.

அதைத்தான் ஃபாதர் ரொசாரியோ ஜெசிந்தாவுக்குக் கொடுத்தார்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து, காப்பிக் கடையில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். கோவிலின் பின்வாசலில், இருட்டிலிருந்து, பைப் மட்டும் தனியாக முதல் வரியை வாசிக்கும். இரண்டாவது வரியில் விளக்குகள், மணிகள், கீபோர்டு, பாடகற்குழு எல்லாம் சேரும். கல்லறையிலிருந்து எழுந்து வருகிற மாதிரி இருக்கும் என்றார். நல்ல யோசனை ஃபாதர் என்று என் வாய் சொன்னது. வயிறு எரிந்ததில் தே தாரிக் டீ இறங்கவில்லை. ஜெசிந்தா மட்டும், அண்ணனுக்கு ஓகேவா என்று இரண்டு தடவை கேட்டாள். திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவளிடம் அது கொஞ்சம்கூட இல்லை.

புதன்கிழமை ஒத்திகை. வியாழனுக்குப் பிறகு வாத்தியத்தைத் தொடமுடியாது என்பதால் அது ஒன்றுதான் ஒத்திகை. அவள் பைப்பின் ஒரு மூட்டு ஆடிக்கொண்டிருந்தது. என் வேலைப் பையில் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். பைப்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சுற்றுவார்களாம், சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். நான் மோசமானவன் இல்லை என்பதற்கு இதை ஒரு சாட்சியாகச் சொல்கிறேன்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தோம். பேக்பைப்பின் சுருதியை அவள் இஷ்டத்துக்கு மாற்றமுடியாது. அது எங்கள் கீபோர்டு சுருதியைவிட அரை சுரத்துக்கும் கொஞ்சம் மேலே நிற்கும். அதனால் ஏறிப் போகவேண்டியது நான்தான். கீபோர்டின் சின்னத் திரையில் இரண்டு எண்களை மாற்றவேண்டும். அரை சுரம் தூக்குகிற ட்ரான்ஸ்போஸ் பூஜ்யத்தை ஒன்றாக்கவேண்டும், மீதிக் கொஞ்சத்துக்கு டியூனிங் 440-ஐ ஏற்றவேண்டும். அவள் ஒரே சுரத்தை நீளமாக ஊத, நான் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனேன். 451-இல் இரண்டும் ஒட்டின. பிறகு வானவர் கீதத்தை ஒரு தடவை சேர்ந்து வாசித்தோம்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. சுமாராக இருந்திருந்தால் மனதுக்குள் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நான் இருபத்தோரு வருஷமாக வாசித்த அதே பாட்டு, இப்போதுதான் பிறந்தது போல் இருந்தது, அதில் நான் பின்னால் நிற்கும் ஆளாக இருந்தேன். பாடகற்குழு கைதட்டியது. பிலோ ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். எங்கள் கீபோர்டு பழசு, அணைத்தால் எண்களை மறந்துவிடும், சனிக்கிழமை மறுபடி போடவேண்டும் என்று நான் ஜெசிந்தாவிடம் சொன்னேன். நீங்க பாத்துக்குவீங்கண்ணே என்றாள்.

வியாழன் பூசையில் வானவர் கீதத்தை நான் தனியாக வாசித்தேன். முடித்ததும் பிளக்கைப் பிடுங்கினேன், துணியைப் போர்த்தினேன். வெள்ளியன்று மரக்கட்டைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தபோதும் நான் ஆண்டவரின் பாடுகளை நினைக்கவில்லை. பின்வாசலில் நிற்கப்போகிற ஒருத்தியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஏழரைக்கு முற்றத்தில் தீ மூட்டி, பாஸ்கா திரியை ஏற்றி, இருண்ட கோவிலுக்குள் வந்தோம். ஃபாதர் திரியை உயர்த்திப் பிடித்து நடக்க, ஜனங்களின் கையில் சின்னத் திரிகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். ஜனங்கள் திரிகளை அணைத்துவிட்டு உட்கார, வாசகங்கள் தொடங்கின. உலகம் படைக்கப்பட்டது, கடல் பிளந்தது, தீர்க்கதரிசிகள் பேசினார்கள். கடைசி வாசகத்தின்போது கீபோர்டின் துணியை விலக்கி, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டேன். திரை எரிந்தது. பூஜ்யம், 440.

இரண்டு பொத்தான்கள். பத்து வினாடி வேலை. நான் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. எதையும் உடைக்கவேண்டாம், யாரிடமும் பொய் சொல்லவேண்டாம், சும்மா இருந்தால் போதும். நாளைக்கு யாராவது கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். கேட்கவும் மாட்டார்கள். அடுத்த வருஷம் முதல் சுரம் வீடு திரும்பிவிடும். விரலைப் பொத்தானின் மேல் வைத்தேன், எடுத்துவிட்டேன். வாசகம் முடிந்தது, பதிலுரைப் பாட்டு முடிந்தது, ஃபாதர் எழுந்து நின்றார். நான் சத்தத்தை மட்டும் ஏற்றினேன்.

ஃபாதர் பாடினார். பின்வாசலில் பைப் எழுந்தது. ஐந்நூறு பேரும் திரும்பினார்கள். முதல் வரி முழுக்க அவளுடையது. அப்போது இடி இடித்திருந்தாலும் கேட்டிருக்காது, அவ்வளவு நிறைவாக இருந்தது அந்த ஒலி. விளக்குகள் எரிந்தன, மணிகள் அடித்தன, என் பத்து விரலும் இறங்கின.

கேட்டவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு லிஃப்ட் கம்பிகள் ஒன்றோடொன்று உரசுவதுபோல் இருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டார். பாடகற்குழு எந்தச் சுருதியைப் பிடிப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் போனது. நான் விடவில்லை. இருந்தபடியே அழுத்தி வாசித்தேன்.

பைப் நின்றது. அது அப்படி நிற்கிற வாத்தியமில்லை. பையில் காற்று இருக்கிறவரை முனகும், தெரியாதவர்கள் வாசித்தால் செத்துக்கொண்டிருக்கிற ஆடு மாதிரி கத்திவிட்டுத்தான் அடங்கும். அவள் கத்தியால் வெட்டியது போல் நிறுத்தினாள். அடுத்த வரிக்குள் பாடகற்குழு என்னைப் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் பாடினார்கள், மணி ஓயாமல் அடித்தது. வானவர் கீதம் எனக்குக் கிடைத்துவிட்டது. என் கை நடுங்கவே இல்லை.

ஜெசிந்தா பைப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஓரமாக நடந்து வந்து பாடகற்குழுவின் பெஞ்சில், கீபோர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பூசை போய்க்கொண்டிருந்தது. சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் அவள் முன்னால் போய் ஃபாதரிடம் என்னவோ சொன்னாள், அவர் அவள் தலையில் கைவைத்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்துக் கைகூப்பி, சமாதானம்ணே என்றாள். நானும் கைகூப்பினேன்.

நன்மை கொடுக்கும்போது நான் வாசித்துக்கொண்டிருப்பேன், அதனால் கடைசியில் ஃபாதரே கீபோர்டுக்கு வந்து எனக்குக் கொடுப்பார். வருஷக்கணக்காக அதுதான் பழக்கம். அவர் நற்கருணைப் பாத்திரத்தோடு வந்தார். வேண்டுமென்றே ஒரு பாவத்தைச் செய்துவிட்டு, அதுவும் இதே பூசையில், நாக்கை நீட்ட எனக்குத் துணிவில்லை. பொறாமை பிடித்தவன்தான், ஆனால் பயமற்றவன் இல்லை. இரண்டு கையையும் நெஞ்சின் குறுக்கே வைத்து, வேண்டாம் என்று தலையாட்டினேன். ஃபாதர் ஒரு நிமிஷம் குழம்பிவிட்டு, என் தலையில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். பிலோ குனிந்து என் காதில், நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாதே, வாசக இருட்டில் ஒளித்துக் கரிபாப் பலகாரம் ஏதாவது தின்றீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உங்களைத் திருத்தவே முடியாது என்றாள்.

நன்மைக்குப் பிறகு ஃபாதர் அறிவிப்புகளைப் படித்தார். ஞாயிறு காலைப் பூசை நேரம், கோழிக்குஞ்சு பொம்மையும் முட்டையும் பிள்ளைகளுக்கு எங்கே கொடுப்பார்கள் என்பது. பிறகு சிரித்தபடி, இன்றைக்குப் பைப் கொஞ்சம் கோபித்துக்கொண்டது என்றார். சுருதி சேராமல் போனதற்கு ஜெசிந்தா மன்னிப்புக் கேட்டதாகவும், ஏசிக்குள் அந்த வாத்தியம் சரிப்படாது போலிருக்கிறது, இனிமேல் அது வெளியே ஊர்வலத்துக்கு மட்டும் என்றும் சொன்னார். நல்லவேளை, செலஸ்டின் நம்மைக் காப்பாற்றினார் என்றார். ஜனங்கள் சிரித்து, என் பக்கம் திரும்பினார்கள். பிலோ பெருமையாக என் முதுகைத் தட்டினாள். இருபத்தோரு வருஷத்தில் முதல்முறையாக ஐந்நூறு பேர் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏசியில கொஞ்சம் மாறும்ல?" என்று மெதுவாகக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் ஆமாம் என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

"மயிரிழை மாறும்ணே. முழுசா இவ்ளோ விலகாது." அவள் பீடத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "மறந்துட்டீங்க. அவ்வளவுதானே? பரவால்ல லா. யாருக்கும் வர்றதுதான்."

அந்தச் சாக்கை அவளே கையில் எடுத்து நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டால் போதும்.

"மறக்கல," என்றேன்.

அவள் மடியிலிருந்த பெட்டியின் கொக்கியை அழுத்தி மூடினாள். பிறகு சொன்னாள்: "சர்ச் பூரா இருட்டு. பின்னாடி நின்னா உங்க முகம் மட்டும்தான் தெரிஞ்சிச்சு, அந்தத் திரை வெளிச்சத்துல. ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தீங்க. அண்ணன் எவ்ளோ கவனமா நம்பர் போடுறார்னு நெனச்சேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவுமில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கும் வாய் உண்டு.

ஃபாதர் இறுதி ஆசீருக்குக் கையை உயர்த்தப் போனார். பாடகற்குழுவின் மைக் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இழுத்தேன். அது கிறீச்சிட்டதில் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஃபாதர், ஒரு நிமிஷம்," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. "பைப் சுருதி மாறல. அதோட சேர்றதுக்குக் கீபோர்டுலதான் ரெண்டு நம்பர் மாத்தணும். எனக்குத் தெரியும். நான் மாத்தல. மறந்து இல்ல. முதல் சுரம் எனக்கு வேணும்னு மாத்தாம விட்டேன். ஜெசிந்தா மேல தப்பு இல்ல."

பிலோவின் கை என் முதுகிலிருந்து இறங்கியது. ஃபாதர் உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றார். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், முறைக்கட்டும், கோவிலை விட்டுப் போகச் சொல்லட்டும் என்று மைக்கைப் பிடித்தபடி நின்றேன்.

ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. தலைகள் எல்லாம் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பின. பின்வரிசையில் யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கினார், பிறகு ஒவ்வொரு வரிசையாக எழுந்து நின்று தட்டினார்கள். பாடகற்குழு தட்டியது. பிலோ கண்ணீரோடு தட்டினாள். ஜெசிந்தா எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். எனக்காக யாரும் தட்டவில்லை, தட்டவும் கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது.